கேத்தரின் கேசட்

"ஒரு வருஷம் போடாட்டி என்னங்க ஆயிரும்? வானமா இடிஞ்சு விழுந்துரும்?"

"நீ பேசாத வியாகுலம். பெத்தவளாடி நீ? பெத்தவளா?"

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டு இந்தச் சந்தேகம் இன்னிக்குத்தான் வந்துச்சா?"

இட்லி வேகிற நேரத்தில் இப்படியொரு சத்தம் கிளம்பினால் பாலக்கரையில் எந்தச் சந்துதான் சும்மா இருக்கும்? எதிர்வீட்டு மிக்ஸி நின்றது. மாடிவீட்டு டி.வி. வாயை மூடிக்கொண்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி, குடம் சரியாக நிரம்பவில்லை என்று திடீரென்று கண்டுபிடித்துக் குழாயடிக்கே திரும்பி வந்தாள். அடுத்தவர் குடும்பத்தில் தலையிடுகிற பழக்கம் எங்கள் சந்தில் யாருக்கும் கிடையாது. காது கொடுப்பதோடு சரி.

சண்டை ஒரு கேசட்டைப் பற்றியது.

அற்புதசாமி ஸ்ரீரங்கத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருக்கும் வியாகுலம்மாளுக்கும் பிறந்தது ஒரே பெண், கேத்தரின். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டாள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு அப்பாவே எழுதிக் கொடுத்து, அப்பாவே தயார் செய்து, புதிதாக வாங்கியிருந்த டூ-இன்-ஒன்னில் அப்பாவே பதிவும் செய்தார். தலைப்பு, நேரம் தவறாமை. போட்டி நடந்த அன்று பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஆக, அவள் பேசின ஒரே மேடை அந்த கேசட்தான்.

"அன்பார்ந்த நடுவர் அவர்களே" என்று ஜோராகத்தான் ஆரம்பிப்பாள். ‘இன்றியமையாதது’ என்ற வார்த்தையில் நாக்கு சறுக்கி ‘இன்மையறியாதது’ என்பாள். தானே சிரித்துவிடுவாள். மறுபடி ஆரம்பிப்பாள், மறுபடி சறுக்குவாள். கடைசியில், "அப்பா, மறந்துட்டேம்ப்பா. நிறுத்துங்கப்பா, பசிக்குது." பிறகு டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் கேத்தரின்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று கல்லறையில் பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சொந்தக்காரர்கள் அற்புதசாமி வீட்டுக்கு வந்து டீ குடிப்பார்கள். அப்போது அந்த கேசட்டைப் போடுவார். வருஷத்துக்கு அந்த ஒரு தடவைதான். ஓட ஓடக் குரல் தேயும் என்பது அவர் கட்சி.

கேசட்டை அவர் வைத்துக் காப்பாற்றிய விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டால் சந்துக்கே பாவம் வரும். பிஸ்கட் டின்னுக்குள் பட்டுத்துணி, பட்டுத்துணிக்குள் கேசட். ஈரம் இழுப்பதற்கு, புதுச் செருப்பு டப்பாவில் கிடக்குமே ஒரு சின்னப் பொட்டலம், அது. சந்தில் யார் புதுச் செருப்பு போட்டு நடந்தாலும் மனுஷன் பின்னாலேயே வருவார்: "அந்தப் பொட்டலத்த தூக்கிப் போட்டுராதீங்க." பிரிட்ஜ் பக்கம் வைக்க மாட்டார், ஸ்பீக்கர் பக்கம் வைக்க மாட்டார். மாசம் ஒரு தடவை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டி, நாடா ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்வார். யாரும் தெரியாத்தனமாக மேலே பதிவு பண்ணிவிடக் கூடாதென்று கேசட்டின் பின்பக்கத்துக் காதுகளை அன்றைக்கே உடைத்துவிட்டார்.

"போன்ல ஏத்திரலாம் மச்சான், அஞ்சு நிமிஷ வேலை" என்று வியாகுலம்மாளின் தம்பி மார்ட்டின் ஒவ்வொரு வருஷமும் சொல்லுவான்.

"கடைக்குப் போனா என் புள்ள திரும்பி வராது" என்பார் அற்புதசாமி.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்டா" என்பாள் வியாகுலம்மாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான்.

மற்றபடி வியாகுலம்மாளைக் கல்நெஞ்சுக்காரி என்றுதான் சந்து தீர்ப்பு எழுதி வைத்திருந்தது. பிள்ளை போன புதிதில் அவர் விருதுநகருக்கு மாற்றலாகிப் போயிருந்தபோது கேசட் அவளிடம்தான் இருந்தது. மத்தியானமானால் போதும், கதவைச் சாத்திக்கொண்டு அதையே போட்டுப் போட்டுக் கேட்பாள். அவர் திருச்சிக்குத் திரும்பி வந்து கேட்டபோது குரல் மங்கிக் கிடந்தது. "கேட்டுக் கேட்டு என் புள்ளைய தேய்ச்சு வச்சிருக்கியே!" என்று கத்திவிட்டுப் பறிமுதல் செய்தார். அதற்கப்புறம் அவள் ஒரு நாள்கூட அதைக் கேட்கவில்லை. கல்லறைத் திருநாளில் அவர் பட்டனை அமுக்கினால், அவள் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள்.

இந்த வருஷம் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் சும்மா ஒரு சோதனைக்கு அவர் கேசட்டைப் போட்டார். "அன்பார்ந்த நடுவர் அவர்களே" என்று கட்டைக் குரலில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசினார்.

அற்புதசாமிக்கு வேர்த்துவிட்டது. அப்போதுதான் வியாகுலம்மாள், "விடுங்க, இந்த வருஷம் வேணாம்" என்றாள். அப்போதுதான் மிக்ஸி நின்றது.

*

பிளேயரைக் கழற்றிப் பார்த்ததில், உள்ளே சக்கரத்தைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட் தார் மாதிரி இளகிக் கிடந்தது. விரலில் ஒட்டிய கறுப்பு, வேட்டிக்கு வந்தது. வேட்டியிலிருந்து நாற்காலிக்குப் போனது. அதைத் துடைத்துவிட்டு, மாவுப் பாக்கெட்டில் போட்டிருந்த ரப்பர் பேண்டை எடுத்து மாட்டினார்.

இப்போது பிள்ளை ஊஞ்சலில் உட்கார்ந்து பேசினாள். "அன்பாஆஆர்ந்த" என்று மேலே போய், "நடுவூஊர்" என்று கீழே வந்தாள்.

"மாவு கொட்டிக் கிடக்கு, பாக்கெட்ல போட்ட ரப்பர எங்க?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார், பிள்ளையை ஊஞ்சலிலிருந்து இறக்கியபடியே.

பிளேயருக்குப் பெல்ட் கிடைக்கிற இடம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில், கூட வேலை பார்த்த மணவாளன். உபன்யாச கேசட்டுகளாகச் சேர்த்து வீட்டில் மனுஷர் படுக்க இடமில்லாமல் பண்ணி வைத்திருக்கிறவர். ஓடாத பழைய பிளேயர்களும் அவரிடம் குவிந்து கிடக்கும். அற்புதசாமி ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார்.

"வாரும் ஓய், வாரும். என்ன, முகம் இப்படி வாடிக் கெடக்கு?"

"பொண்ணு சரியாப் பேச மாட்டேங்குறா சாமி."

மணவாளனுக்குக் கேத்தரினைத் தெரியும். ஆபீசுக்கு அப்பாவோடு வந்து, அவர் மேஜையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் கையெல்லாம் குத்திக்கொண்ட குழந்தை. அவர் எழுந்து போய், செத்துப்போன ஒரு பிளேயரின் வயிற்றைத் திறந்து பெல்ட்டை உருவிக் கொடுத்தார்.

"அடியேன்கிட்ட இருக்கறதுலயே நல்ல பெல்ட்டு இது. குழந்தைக்கு ஆகட்டும்."

"நாடா எங்கயாவது கசங்கினா என்ன சாமி பண்றது?" என்று வாசலுக்கு வந்தபிறகு கேட்டார் அற்புதசாமி.

"இஸ்திரிப் பெட்டியால ஒரு இழுப்பு இழுத்தா சரியாப் போயிடும். எத்தனை கேசட் அப்படிப் பிழைச்சிருக்கு தெரியுமோ! ஆனா ஒண்ணு ஓய்..."

பஸ் வந்துவிட்டது. அற்புதசாமி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

*

புதுப் பெல்ட் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. பட்டனை அமுக்கினார். கேத்தரினேதான்! போலீசும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. அற்புதசாமிக்குக் கண் கலங்கிப்போனது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

பின்னால் எங்கோ ஒரு ‘கீச்’ கேட்டது. பிள்ளை பேசும்போது அணில் கத்துகிற மாதிரி. நாளைக்கு மார்ட்டின் கேலி பண்ணுவான். அற்புதசாமி அடுக்களைக்குப் போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, கோழி இறகால் உள்ளே ஒரு சொட்டு, சரி, இன்னொரு சொட்டு என்று விட்டார். கீச் நின்றது. எண்ணெய் வழிந்து, நாடாவைப் பிடித்து இழுக்கிற ரப்பர் உருளையில் போய் இறங்கியது. உருளை வழுக்கியது. நாடா போகிற இடம் தெரியாமல் உள்ளேயே சுருண்டது. ‘நேரம் பொன் போன்ற’ என்ற இடத்தில் கேத்தரின் களுக்கென்று நின்றுபோனாள்.

மூடியைத் திறந்து அவர் நாடாவை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வியாகுலம்மாள் வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல!" என்று மூடியைப் படாரென்று சாத்தினார். மூடிக்கு நடுவில் நாடா இருந்தது.

அவள் போனபிறகு பார்த்தால் நாடா இரண்டாக அறுந்து, மிச்சம் முழுக்க இடியாப்பம் மாதிரி கசங்கிக் கிடந்தது. அற்புதசாமிக்கு மணவாளனின் இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது.

"எதுக்குங்க இஸ்திரிப் பெட்டி?"

"நாளைக்குச் சட்டைக்கு."

"நேத்தே போட்டு மடிச்சு வச்சிட்டேனே."

"இது வேற சட்டை."

செய்தித்தாளை விரித்தார். நாடாவை நீட்டி வைத்தார். பெட்டி நன்றாகக் காயட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு ஒரே ஒரு இழுப்பு.

நாடா வத்தல் மாதிரிச் சுருண்டுகொண்டது. பாதி பேப்பரோடு ஒட்டிக்கொண்டது, பாதி பெட்டியோடு வந்தது.

"என்னமோ கருகுதே?" என்று உள்ளிருந்து குரல்.

"உன் குழம்புதான்!"

"நான் இன்னிக்குக் குழம்பே வைக்கலங்க!"

அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மணவாளனுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஒரே அலறல். "சூடே ஏறாத பெட்டி, நாடாவுக்கு மேல ஒரு துணி, அதைத்தானே ஓய் சொல்ல வாயெடுத்தேன்! அதுக்குள்ள பஸ்ஸைத் துரத்திண்டு ஓடிட்டீரே!"

அற்புதசாமி போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முதல் தடவை காய்ச்சல் கொண்டுபோனது. அதற்குக் கோபித்துக்கொள்ள ஆண்டவராவது இருந்தார். இந்தத் தடவை யாரைச் சொல்வது? விரலில் தேங்காயெண்ணெய் மணத்தது. அந்தப் பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னி விட்டதும் இதே எண்ணெயைத் தடவித்தான்.

கல்நெஞ்சோ என்ன நெஞ்சோ, அவளுக்கும் மிச்சமிருந்தது இதுதானே? இன்றைக்குக் காலையில்தான் "பெத்தவளா நீ" என்று சந்தே கேட்கக் கத்தியிருக்கிறார். சாயங்காலமே போய், "உன் புள்ள குரல நான் பொசுக்கிட்டேன்" என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குக் கல்லறையிலிருந்து எல்லோரும் வந்து உட்கார்ந்துகொண்டு அவர் கையையே பார்ப்பார்கள்.

*

கேசட்டைச் சட்டைப்பைக்குள்ளும், வத்தலை ஒரு கவருக்குள்ளும் போட்டுக்கொண்டு அவர் போனது கலீம் கடைக்கு. கலீமின் அப்பா நஜிமுதீன் அந்தக் காலத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்த கடை. மகன் மொபைல் சர்வீஸாக மாற்றியிருந்தான். கலீமின் மனைவி மஜீதா எங்கள் சந்திலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு அப்புறமும் தாய்வீட்டை விட்டு நகராமல் கலீமைத்தான் சந்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கெட்டிக்காரி.

கலீம் கவரைத் திறந்து பார்த்தான். மூடினான்.

"அங்கிள், இது ஒட்டுற கேஸ் இல்ல."

"வேற வழி?"

கலீம் கவரைத் திருப்பிக் கொடுத்தான். கடையின் உள்மூலையில் அவன் மகள் அஃப்ஷீன் வீட்டுப்பாடம் படித்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பாடு. கடைத்தெருவுக்கே கேட்கிற குரல்.

அற்புதசாமி திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாப்பாவுக்கு என்ன வயசு கலீம்?"

"ஒம்பது நடக்குது." சொன்ன பிறகுதான் கலீமுக்கு விஷயம் உறைத்தது. "அங்கிள்... தப்பில்லையா?"

"தப்புத்தான். வேற ஏதாவது தெரிஞ்சா சொல்லு, கேக்குறேன்."

கலீமுக்கு வேறொன்றும் தெரியவில்லை. அப்பாவின் பழைய செட்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினான். காலி கேசட் ஒன்றையும் தேடிப் பிடித்தான். இதில் பேசிப் பதிந்து, நாடாவை மட்டும் கேத்தரின் கேசட்டின் கூட்டுக்குள் மாற்றிவிடலாம் என்பது ஏற்பாடு. மேலே அற்புதசாமி கையால் எழுதிய ‘கேத்தரின்’ அப்படியே இருக்கும்.

ஏற்பாடு சுலபம், பிள்ளைதான் சுலபமில்லை. இங்கிலீஷ் மீடியம்.

"தாத்தா, ‘நடுவர்’னா யாரு?"

"ஜட்ஜும்மா."

"அப்ப ஜட்ஜுன்னே சொல்லவா?"

"வேணாம்மா. சொன்னத சொல்லு."

ஒரு வழியாக ஆரம்பித்தாள். பாதியில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கேத்தரின் பேச்சுக்குள் பாங்கு வந்தால் மார்ட்டின் விடுவானா? நிறுத்தினார்கள். முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தால், ஒரு ஆட்டோக்காரன் கடைவாசலிலேயே நின்று ஹாரன் அடித்தான். கலீம் ஓடிப்போய் அவன் காலில் விழாத குறையாக அனுப்பி வைத்தான். கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்கள்.

அடுத்து ‘இன்றியமையாதது’. அஃப்ஷீன் அதைப் பிசிறில்லாமல் சொன்னாள்.

"தப்பாச் சொல்லணும்மா. ‘இன்மையறியாதது’."

"அது ராங் தாத்தா. எங்க தமிழ் மிஸ் அடிப்பாங்க."

"நான் மிஸ்ஸுகிட்ட வந்து சொல்றேன். தப்பாச் சொல்லிட்டு, சிரிக்கணும்."

"தப்பாச் சொன்னா எதுக்கு சிரிக்கணும்?"

"சிரிம்மா" என்றார் அற்புதசாமி, கெஞ்சுகிற குரலில். அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பதிவாகிவிட்டது.

கடைசி வரி. அஃப்ஷீன் மூச்சை இழுத்துக்கொண்டு, "அத்தா, மறந்துட்டேந்த்தா, நிறுத்துங்கத்தா, பசிக்குது" என்றாள்.

கலீம் தலையிலடித்துக்கொண்டான். "அத்தா இல்லடி, அப்பா! அவங்க வீட்ல அப்பா!"

"நான் எங்க அத்தாவ அத்தான்னுதானே கூப்புடுவேன்?"

"என்னப் பாத்துச் சொல்லும்மா" என்றார் அற்புதசாமி. "என்ன அப்பான்னு கூப்புடு. ஒரே ஒரு தடவை."

அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள். "அப்பா, மறந்துட்டேம்ப்பா. நிறுத்துங்கப்பா, பசிக்குது."

நிறுத்த வேண்டியவர் அற்புதசாமி. பட்டன் மேல் வைத்த விரல் அப்படியே இருந்தது. நாடா சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கலீம்தான் எட்டி வந்து அமுக்கினான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது பாப்பா" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அம்மாகிட்ட?"

"அம்மாகிட்டயும்தான்."

"அப்ப பெரிய சாக்லேட்டு வேணும்."

வாங்கிக் கொடுத்தார். பிள்ளை அதைச் சாப்பிடுகிற நேரத்தில் கலீம் கேத்தரின் கேசட்டைத் திருகாணி கழற்றிப் பிரித்துக்கொண்டிருந்தான். "அங்கிள், இதுல ஒரு ஸ்க்ரூ மட்டும் வேற மாதிரி இருக்கே. முன்னாடி யாராவது திறந்தாங்களா?"

"யார் திறப்பா? கம்பெனிலயே அப்படித்தான் போட்டிருப்பான். நீ சீக்கிரம் மாட்டு."

*

மறுநாள் கல்லறையில் அற்புதசாமி மகளின் சிலுவைக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் மண்டிபோட்டுக் கிடந்தார். மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தவரை வியாகுலம்மாள்தான் கைகொடுத்துத் தூக்கினாள்.

வீட்டில் எல்லோரும் டீயோடு உட்கார்ந்தார்கள். வியாகுலம்மாள் அடுக்களைக்குப் போவாள், பாத்திரச் சத்தத்தில் பாதி கேட்காமல் போகும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பட்டனை அமுக்கினார்.

"அன்பார்ந்த நடுவர் அவர்களே..."

வியாகுலம்மாள் அடுக்களைப் பக்கம் போக எழுந்தவள், அப்படியே நின்றாள். திரும்பிப் பிளேயரைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் தன்னை அப்படிப் பார்த்ததாக அற்புதசாமிக்கு ஞாபகமில்லை. கண்டுபிடித்துவிட்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மச்சான், இந்த வருஷம் செம கிளியரா இருக்கே!" என்றான் மார்ட்டின். "குரல்கூட கொஞ்சம்..."

"வாய மூடுடா" என்றாள் வியாகுலம்மாள். "அந்த மனுஷன் நேத்துப் பூரா சோறு தண்ணி இல்லாம அதுகூட மல்லுக்கட்டியிருக்காரு. கிளியரா இல்லாம? பேசாம கேளு."

‘இன்மையறியாதது’ வந்தது. சிரிப்பு வந்தது. "அப்பா, மறந்துட்டேம்ப்பா" வந்தபோது வியாகுலம்மாளின் கை, அற்புதசாமியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர்கள் முன்னால் அவள் அப்படிச் செய்கிறவளில்லை.

‘பசிக்குது’ முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க, எல்லாரும் சாப்புடலாம். புள்ள பேர்ல இன்னிக்குப் பிரியாணி."

அற்புதசாமி கொல்லைப்பக்கம் போய், முகம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தப்பித்துவிட்டார். அவளை ஏமாற்றியும்விட்டார். இரண்டில் எதற்கு அழுதார் என்பது அவருக்கே சரியாகத் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தமில்லை. சந்துக்குத்தான் நஷ்டம். வியாகுலம்மாள் அவர் சொல்லாமலே காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் செருப்புப் பொட்டலம் கேட்டுத் தெருவில் அலைவதை விட்டுவிட்டார். எத்தனையோ தடவை அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். "வியாகுலம், அந்த கேசட்டு..." என்று தொடங்குவார். "அத விடுங்க, சாப்புடுங்க" என்பாள். கல்நெஞ்சுக்காரி இளகிவிட்டாள் என்று சந்து தன் தீர்ப்பைத் திருத்தி எழுதியது.

அதற்கப்புறம் என்னென்னவோ ஆனது. மார்ட்டினின் மகள் பெலிண்டாவுக்கு மணப்பாறைப் பக்கத்து மாப்பிள்ளை அமைந்து, இரண்டு பேரும் தோஹாவுக்குப் போய்விட்டார்கள். மணவாளன் தன் கேசட் மூட்டைகளோடு சென்னையில் மகன் வீட்டுக்குக் குடிபோனார். மருமகள் அதில் எத்தனை மூட்டையை உள்ளே விட்டாள் என்ற தகவல் இன்னும் வந்து சேரவில்லை. கலீம் அரியமங்கலத்தில் பெரிய கடையாகப் பிடித்துவிட்டதால், பிறந்த சந்தை விட்டு நகராத மஜீதாவும் கடைசியில் நகர வேண்டியதாயிற்று.

லோடு ஆட்டோவில் பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வியாகுலம்மாளும் மஜீதாவும் வாசலில் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து, இரண்டு பேருக்குள் இவ்வளவு ஒட்டுதலா என்று சந்து வாயைப் பிளந்தது. அஃப்ஷீன் மட்டும் சொல்லிக்கொள்ள அற்புதசாமியிடம் ஓடி வந்தாள்.

அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "தாத்தாவ மறந்துர மாட்டியே பாப்பா? எவ்ளோ பெரிய சாக்லேட்டு வாங்கிக் குடுத்தேன்?"

"போங்க தாத்தா, வெறும் சாக்லேட்டு!" என்றாள் அஃப்ஷீன். "எங்கம்மாவுக்கெல்லாம் வியாகுலம் பாட்டி வெள்ளிக் கொலுசே வாங்கிக் குடுத்தாங்களாம். நீங்க விருதுநகர்ல இருந்தப்ப, அவங்க சின்னப் புள்ளயா இருக்கச்சே, இதே பேச்ச கேசட்டுல பேசிக் குடுத்ததுக்கு."